சரித்த எழுத்தும் சரிந்த எழுத்தும்

வேலணையில் இருந்து வாணர் தாம்போதி வழியாக, இரண்டு பக்கமும் பரவைக்கடல் தெரிய வந்து புங்குடுதீவின் மடத்துவெளியில் இறங்கியதும் கண்ணில் படுவது எழுத்துத்தான். மின்கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி. அதற்குக் கீழே வெயிலில் வெளுத்து நீலம் மட்டும் எஞ்சிய பழைய கண்ணீர் அஞ்சலி ஒன்று. மதிலில் திருவிழா அறிவித்தல். கடைக்கு மேலே தகரப் பலகையில் சிவப்பு எழுத்து, அதற்கு மஞ்சள் நிழல். எழுத்து இவ்வளவு இருந்தும் அதை வாசிக்க ஆள் குறைவு. இந்த ஊர்க்காரரில் பெரும்பகுதி ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறது. அவர்கள் ஊரோடு கதைப்பது பெரும்பாலும் பலகையாலும் கல்லாலும்தான்: உபயம், நினைவாக, அன்பளிப்பு.

நான் போனதும் அப்படி ஒரு கல்லுக்காகத்தான். யாழ்ப்பாணத்தில் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்று தங்கள் பாட்டனாரின் நினைவாகப் பொதுக்கிணறு ஒன்றைத் திருத்தி, பக்கத்தில் தண்ணீர்த் தாங்கியும் கட்டியிருந்தது. அதில் பதிக்கும் கருங்கல்லுக்கு எழுத்து வடிவத்தை அவர்களே கணினியில் செய்து அனுப்பியிருந்தார்கள். மேலே தமிழ், கீழே ஆங்கிலம். இரண்டும் ஒரே தோரணையில் இருக்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பம்: தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, முனையில் சிறு அடி வைத்த எழுத்து. ஆங்கில அச்சுத் தொழிலில் அந்த அடியைச் செரிஃப் என்பார்கள்.

உள்ள அளவிலேயே தாளில் அச்சடித்துச் சுருட்டிக்கொண்டு போயிருந்தேன். தாங்கியின் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், ஆங்கில வரி கம்பீரமாக இருந்தது. தமிழ் வரி சோளகக் காற்றுக்குச் சரிந்த கதியால் வேலி மாதிரி இருந்தது.

ஒரே மென்பொருள், ஒரே பொத்தான். பிறகு ஏன் ஒன்று நிமிர்கிறது, மற்றது விழுகிறது? அன்று தீவைச் சுற்றியபோதெல்லாம் இதையேதான் பார்த்துக்கொண்டு போனேன்.

முதலில் அந்த ஆங்கில வரியைச் சொல்லவேண்டும். அது ரைம்ஸ் நியூ ரோமன் குடும்பத்தின் தடித்த சாய்வெழுத்து. லண்டன் ரைம்ஸ் பத்திரிகைக்காக ஸ்ரான்லி மொரிசன் மேற்பார்த்து, விக்டர் லார்டன்ற் வரைந்து, 1932 ஒக்ரோபரில் அச்சேறிய எழுத்து. வரிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சாய்வெழுத்து என்பது நேரெழுத்தைத் தள்ளிச் சாய்த்ததல்ல. அது வேறாக வரைந்த எழுத்து. நேரெழுத்தில் மேலே ஒரு வளைவும் கீழே ஒரு வயிறுமாக இரண்டு மாடி கட்டி நிற்கும் சிறிய ‘ஏ’, சாய்வெழுத்தில் கையெழுத்தில் வருவதுபோல ஒற்றை மாடிக்கு இறங்கிவிடுகிறது. நேரெழுத்தில் காலடியில் தட்டையாக நிற்கும் செரிஃப், சாய்வெழுத்தில் பேனை உள்ளே நுழைந்து வெளியே போன கொக்கியாக மாறிவிடுகிறது. தடித்த கோடு எங்கே மெலியவேண்டும் என்பதையும் ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்.

இதற்குப் பின்னால் நீண்ட வழி இருக்கிறது. வெனிஸ் நகரில் அல்டஸ் மனுசியஸ் என்ற பதிப்பாளருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்தில் முழுப் புத்தகமாக முதலில் வந்தது 1501இன் வேர்ஜில் கவிதைகள். அன்றைய படித்தவர்களின் வேகமான கையெழுத்தே அதற்கு மாதிரி. அதில் சிறிய எழுத்துகள் மட்டும் சாய்ந்தன, பெரிய எழுத்துகள் நேராகவே நின்றன. தடித்த எழுத்து வந்தது இன்னும் பிந்தி. ஒரு வரியின் நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுப்பாகக் காட்டவென்று 1845இல் லண்டனில் ரொபேர்ட் பெஸ்லியின் வார்ப்படசாலை வெளியிட்ட கிளாறென்டன் எழுத்தை அதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். நேர், சாய்வு, தடிப்பு, தடிப்புச்சாய்வு என்று நாலு பேர் கொண்ட குடும்பமாக எழுத்துருக்கள் வருவது இருபதாம் நூற்றாண்டு வழக்கம். தடிப்புச்சாய்வு அந்த வீட்டின் கடைக்குட்டி. நம் கணினியில் இருக்கும் பொத்தான்களும் அந்தக் குடும்ப வழக்கத்தில் இருந்துதான் வந்தன. தமிழுக்கு அப்படி ஒரு குடும்பம் உண்டா என்று அந்தப் பொத்தான் கேட்பதில்லை.

தமிழ் வரிக்கு என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்க்க ‘அன்பளிப்பு’ என்ற சொல் ஒன்றே போதும். மென்பொருள் செய்தது இவ்வளவுதான்: எழுத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு தலையை வலப்பக்கம் தள்ளியது. ‘ப’வுக்குப் பெரிய சேதம் இல்லை, அதன் இரண்டு நிலைக்கோடுகளும் ஒழுங்காகச் சாய்ந்தன. ‘ன்’ எழுத்தைப் பாருங்கள். அதன் சுழி வட்டமாக இருந்தது, இப்போது கோழிமுட்டையைச் சரித்து வைத்த வடிவம். வட்டத்தைத் தள்ளிச் சாய்த்தால் கோட்டின் கனமும் மாறும். வலது மேல்மூலையும் இடது கீழ்மூலையும் வீங்கும், மற்ற இரண்டு மூலையும் மெலியும். ஆங்கிலத்தில் வட்ட எழுத்துகள் சில. தமிழில் ண, ன, ஞ, ழ, இ, ஐ என்று சுழியும் வளைவுமே குடிகொண்டிருக்கின்றன. வீக்கமும் மெலிவும் வரி முழுக்கத் தெரியும்.

அதைவிடப் பெரிய கேடு புள்ளிக்கு. எழுத்தின் தலைக்கு மேலே இருப்பதால் சரிவில் அதிக தூரம் நகர்வது அதுதான். ‘ன்’ மேல் இருந்த புள்ளி நகர்ந்து நகர்ந்து ‘ப’வின் வாசலுக்கு வந்துவிட்டது. தடிப்பும் சேர்ந்ததால் புள்ளி பெருத்து இடைவெளியையும் அடைத்துக்கொண்டது. ‘ளி’யின் விசிறி அடுத்த ‘ப்’ மேல் முட்டி நின்றது. கையில் வைத்து வாசித்தால் பெரிதாகத் தெரியாது. தண்ணீர் அள்ள வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் தூரத்தில் நின்றால் அந்தச் சொல் ஒரு கறுப்புப் பட்டையாக இருந்தது.

கிணற்றடியில் கல்வேலைக்காரர் காத்திருந்தார். அவருக்கு வேறு கவலை. இப்போது பெயர்க்கல்லை உளியால் வெட்டுவோர் குறைவு. எழுத்தை ஸ்ரிக்கரில் கணினி வெட்டித் தரும். அதைக் கல்லில் ஒட்டி, மணலை வேகமாகப் பீச்சி, திறந்திருக்கும் இடத்தை அரித்தெடுத்து, பள்ளத்துக்குப் பெயின்ற் பூசுவார்கள். “அண்ணை, உந்த மெல்லிசான கோடு ஸ்ரிக்கரிலேயே நிக்காது, உரிஞ்சு போகும். நிண்டாலும் ரெண்டு மாரிக்குப் பிறகு பெயின்ற் இராது,” என்றார். சுழிக்குள்ளே எஞ்சும் சின்னக் கல் துண்டையும் காட்டினார். தடித்த எழுத்தில் சுழியின் உட்கண் சிறுத்துவிடும். சாய்த்தால் அந்தக் கண் இன்னும் ஒடுங்கி ஒரு கீறலாகிவிடும். மணல் பீச்சும்போது பெயர்ந்து விழுவது அந்தத் துண்டுதான். விழுந்தால் ‘ண’வின் சுழி ஒரு குழி. நாலு புறமும் கடல் உள்ள ஊரில் உப்புக்காற்றும் எந்நேரமும் வேலை செய்கிறது. ஆகவே இங்கே தடிப்பு ஒரு அலங்காரம் அல்ல. எழுத்து பிழைத்துக் கிடப்பதற்கான வழி. சாய்வுதான் கேள்விக்குரியது.

அவருக்கு இன்னொரு முறைப்பாடும் இருந்தது. முதலில் வந்த கோப்பு அவருடைய கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் திறந்ததாம். யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருக்கும் எவருக்கும் இது பழகிய சங்கதி. பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் குடியிருத்திய எழுத்துரு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசைகளை அடித்தால் திரையில் ‘தமிழ்’ என்று வரும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும். யூனிகோட்டில் 1991இல் இருந்தே தமிழுக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிப் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் இன்னும் பாமினியிலும் அதன் ஒன்றுவிட்ட சகோதரங்களிலும்தான் வருகின்றன. பழகிய கை, பழகிய விசை. நானும் அதைக் குறை சொல்லமாட்டேன். புலம்பெயர்ந்த நாடுகளில் ஒரு தலைமுறை தமிழில் எழுதியதே அந்த எழுத்துருவின் தயவில்தான். அதைச் சாய்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளவேண்டி வருகிறது.

கல்வேலைக்காரரே ஒரு ஆளைச் சொன்னார். பெருங்காட்டுப் பக்கம், முன்பு கடைப்பலகையும் பஸ்ஸும் வள்ளமும் எழுதியவர், இப்போது வயது போய்விட்டது என்றார். ஒழுங்கைக்குள் நடந்தேன். இரண்டு பக்கமும் பெரிய கல்வீடுகள், பல பூட்டிக் கிடந்தன. கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை வைத்துச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடுகள். முகப்பில் சீமெந்தைப் புடைப்பாக வைத்து எழுதிய வீட்டுப் பெயரும் கட்டிய ஆண்டும். 1990களின் தொடக்கத்து இடப்பெயர்வில் ஊர் வெறிச்சோடியது. இந்த மண்ணின் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று தொகுப்புக்குப் பெயர் வைத்தது ஏன் என்பது இந்த ஒழுங்கையில் நின்றால் விளங்கும். கூரை போன வீடுகளிலும் அந்தச் சீமெந்து எழுத்து நிற்கிறது. நல்ல கனம், நேர் நிலை, ஓரத்தில் கொத்தனார் கரண்டியால் இழுத்த சிறு விளிம்பு. ஒரு வீட்டில் ‘லை’ பழைய முறையில், யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல முன்கொம்போடு இருந்தது. பெரியார் தன் பத்திரிகையில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்று ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. ஈழத்தில் அது மெல்ல மெல்லத்தான் பரவியது. பெயர்க்கல்லில் பழைய ‘லை’யைக் கண்டால் கல்லின் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

ஐயா திண்ணையில் இருந்தார். தாளை விரித்ததும் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதிக நேரம் பார்க்கவில்லை.

“தம்பி, உதை ஆரோ சரிச்சிருக்கினம். எழுதேல்லை.”

“நீங்கள் எழுதினதும் சரிவாத்தானே ஐயா இருக்கும்? பஸ்ஸிலை எல்லாம்?”

“என்ரை சரிஞ்ச எழுத்து. உது சரிச்ச எழுத்து.”

உள்ளே போய் ஒரு தகரத் துண்டும் சப்பட்டைத் தூரிகையும் கொண்டுவந்தார். பென்சிலால் மேலும் கீழும் இரண்டு கோடு, பிறகு அடிமட்டத்தைச் சரித்து வைத்து இடையிடையே சாய்கோடுகள். மிஞ்சிக் கிடந்த எனாமல் பெயின்ற்றில் ‘தண்ணீர்’ என்று எழுதத் தொடங்கினார். கை கொஞ்சம் நடுங்கியது. தூரிகை தகரத்தில் பட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. ‘த’வின் நிலைக்கோட்டைச் சாய்கோட்டோடு இழுத்தார். தூரிகையின் வாயை ஒரே கோணத்தில் பிடித்திருந்ததால் இறங்கும் கோடு தடித்தும் குறுக்கே போகும் கோடு மெலிந்தும் தானாக வந்தது. கோடு முடியும் இடத்தில் தூரிகையைக் கொஞ்சம் அமத்தி, மூலையைத் திருப்பி எடுத்தார். அங்கே ஒரு சிறு அடி விழுந்தது. ரோமாபுரிக் கல்வெட்டுகளில் செரிஃப் வந்த விதத்துக்கு அறிஞர் எட்வேர்ட் கற்றிச் சொன்ன விளக்கமும் இதுதான்: உளி வெட்ட முன்னம் சப்பட்டைத் தூரிகையால் எழுதினார்கள், தூரிகை எழும்பிய இடத்தில் அடி விழுந்தது என்பது. பெருங்காட்டுத் திண்ணையில் அதைக் கண்ணால் கண்டேன்.

‘ண்’ வந்தபோது அவர் சாய்கோட்டை மதிக்கவில்லை. சுழிகளை ஏறக்குறைய வட்டமாகவே வைத்தார். கடைசி நிலைக்கோட்டை மட்டும் சரித்தார்.

“நேர்க்கோடு சரியலாம். சுழி சரியப்படாது. சுழியையும் சேர்த்துச் சரிச்சால் எழுத்து விழுந்துபோம்.”

புள்ளியைச் சுழிக்கு நேர் மேலே வைத்தார். “புள்ளி வைக்கேக்கை நான் சரிவைப் பாக்கிறேல்லை. எந்த எழுத்தின்ரை புள்ளி எண்டு வாசிக்கிற சனத்துக்குத் தெரியவேணும்.”

எழுத்துரு வரைவோர் கண்திருத்தம் என்று பல மாதம் உழைத்துச் செய்வதை இவர் மூன்று எழுத்தில் செய்து காட்டிவிட்டார். எதை எப்போது சரித்து எழுதுவீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமலே சொன்னார்: “ஓடுற சாமானுக்குச் சரிச்சு எழுதலாம். நிக்கிற சாமானுக்கு நேரா எழுதவேணும். கிணறு எங்கையும் ஓடாது.”

குறிகட்டுவான் போகும் 776 பஸ்ஸில் அதைச் சரிபார்த்தேன். கண்ணாடிக்கு மேலே ஊர்ப்பெயர்கள் நேராக, தடிப்பாக. பக்கவாட்டில், ஓடும் திசைக்குச் சாய்ந்து, நிழல் வைத்த சாமி பெயர். ஆனால் பஸ்ஸின் மறுபக்கத்திலும் அதே வலச்சரிவுதான்; அந்தப் பக்கம் எழுத்து ஓட்டத்துக்கு எதிராகப் பின்னுக்குச் சாய்ந்து தெரிகிறது. ஐயாவின் விதிக்கு எல்லா எழுத்தோவியரும் கட்டுப்படுவதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இறுப்பிட்டிப் பக்கம் இறங்கி ஒரு கோயில் வெளிவீதியைச் சுற்றினேன். சுவரில் உபயகாரர் பெயர்கள் வரிசையாக மாபிளில் பதித்திருந்தார்கள். பெயருக்குப் பின்னால் நாடு: கனடா, சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி. பழைய கற்களில் எழுத்தெல்லாம் நேர். முக்கியமான பெயர் தடிப்பு அல்லது பெரிது, அவ்வளவுதான். புதிய கற்களில் ஒரே கல்லில் மூன்று எழுத்துரு. கடவுள் பெயர் ஒன்றில், உபயகாரர் ஒன்றில், திகதி ஒன்றில். அதிலும் பெயரெல்லாம் தடிப்புச்சாய்வு. எல்லாவற்றையும் எடுப்பாகக் காட்டியதால் எதுவும் எடுபடவில்லை. கொட்டை எழுத்து என்று தமிழில் சொல்வதே மற்றது சிறிய எழுத்தாக இருக்கும்போதுதான் பொருந்தும்.

நம் அச்சு மரபு இந்த விஷயத்தில் சிக்கனமானது. 1820இல் அமெரிக்க மிஷன் அனுப்பிய அச்சாளர் கரற்றுக்கு ஆளுநர் பார்ன்ஸ் இலங்கையில் தங்க அனுமதி மறுத்தார். 1834இல் மைனர் என்ற அச்சாளர் வந்தபிறகே மானிப்பாய் அச்சகம் ஓடத் தொடங்கியது. 1841 ஜனவரி 7இல் ‘உதயதாரகை’ தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தது. ஆங்கிலம் கோப்பவரின் பெட்டிகளில் சாய்வெழுத்துக்குத் தனித் தட்டு இருப்பது வழக்கம். தமிழ்ப் பெட்டிக்கு அப்படி ஒரு வழக்கம் வளரவில்லை. தமிழ் வேறு விதமாகச் சமாளித்தது. மூலம் பெரிய எழுத்து, உரை சிறிய எழுத்து. புத்தகப் பெயருக்கு மேற்கோள் குறி. சந்தையில் விற்ற கதைப் புத்தகங்களில் எழுத்தின் அளவே தலைப்பில் ஏறியது: பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை. கண் மங்கிய வாசகருக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை. ஓலையில் எழுத்தாணி எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே கனம். தடிப்பு மெலிவு என்ற பேச்சே நமக்கு அச்சாலும் தூரிகையாலும் வந்தது.

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் போகும் படகுகள் முட்டிக்கொண்டு நின்றன. அமெரிக்க, ஆங்கிலப் பதிப்பகங்கள் கப்பலின் பெயரைச் சாய்வெழுத்தில்தான் அச்சிடும். புத்தகப் பெயர், தாவரங்களின் லத்தீன் பெயர் எல்லாம் அதே சட்டம். நெடுந்தீவின் பெருக்குமரத்துக்கு அறிவியல் பெயர்ப்பலகை வைத்தால் லத்தீன் பெயர் சாய்ந்துதான் நிற்கவேண்டும். இங்கே படகின் மூக்கில் எழுதியிருந்த பெயர்களும் பல சாய்ந்திருந்தன. அதற்குக் காரணம் எந்தப் பதிப்பகச் சட்டமும் அல்ல. படகின் முன்பக்கப் பலகை மேலே வளைந்து ஏறுகிறது. எழுதும் கை அந்த வளைவோடு போகிறது. தூரிகையில் எழுதிய ஒரு படகின் பெயரை அலை தட்டும்போதும் வாசிக்க முடிந்தது. பக்கத்துப் படகில் ஸ்ரிக்கர் ஒட்டிய பெயரில் புள்ளிகள் உரிந்துபோய் மெய்யெல்லாம் உயிர்மெய்யாகியிருந்தன.

கடலுக்கு அந்தப் பக்கம், நாகபூசணி அம்மன் கோயிலில், முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு, கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்து வெளியிட்டார். ஊராத்துறையில் பரதேசிகள், அதாவது பிறநாட்டார், வந்து இறங்கவேண்டும் என்பதும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்பதும், வாணிபச் சரக்கு ஏற்றிய மரக்கலம் கெட்டால் பாதிக்குப் பாதி என்பதும் அதில் உள்ள ஆணை. அரச ஆணைக்குக்கூட அன்று தடிப்பும் இல்லை, சாய்வும் இல்லை. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே கனம். எண்ணூறு ஆண்டு கழித்தும் வாசித்து எடுத்தார்கள்.

சாய்வே தமிழுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக வரைந்த சாய்வெழுத்து இப்போது உண்டு. கூகிள் இலவசமாக வெளியிட்ட நோட்டோ செரிஃப் தமிழில் மிக மெல்லியதில் இருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது கனங்கள். ஒவ்வொன்றுக்கும் சாய்ந்த வடிவம் தனியாகக் கிடைக்கிறது. தமிழில் தடித்த, சாய்ந்த, செரிஃப் வைத்த எழுத்து என்று கைநீட்டிக் காட்டக்கூடியது அதுதான். நம் நாட்டு எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸின் கவிவாணர், கையெழுத்தின் சாயலோடு சரிகிறது. புத்தகத்தில் ஒரு கடிதத்தை, ஒரு மனக்குரலை, நாடகத்தின் மேடைக்குறிப்பை வேறுபடுத்திக் காட்ட இவை பயன்படும், நானே பயன்படுத்துகிறேன். பத்திரிகைத் தலைப்பில், கடையின் தள்ளுபடி விளம்பரத்தில், விளையாட்டுக் கழகத்தின் சட்டையில் தடிப்புச்சாய்வுக்கு நல்ல வேலை இருக்கிறது. நீண்ட பந்தி முழுக்கப் போட்டால் கண் களைத்துவிடும். அந்தக் குறை ஆங்கிலத்திலும் உண்டு.

கிணற்றடிக்குத் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. மடிக்கணினியில் அதே வாசகத்தை நோட்டோவின் நேர்த்தடிப்பிலும் அதன் சாய்ந்த தடிப்பிலும் போட்டு, கல்வேலைக்காரரிடம் காட்டினேன். சாய்ந்தது முந்தியதைவிட எவ்வளவோ மேல். சுழிகள் நிதானமாக இருந்தன. ஆனாலும் கல்லுக்கு அவர் நேரெழுத்தைத்தான் கேட்டார். அந்த உட்கண்கள் அகலமாக இருக்கின்றன என்பதே அவருக்குப் போதுமான காரணம். பாட்டனாரின் பெயர் மட்டும் தடிப்பு, பெரிது. ஊரும் ஆண்டும் சாதாரணக் கனம், ஆனால் மெல்லிய கோடு எதுவும் இல்லாமல். எழுத்துக்கிடையே வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக இடைவெளி. ஆங்கில வரி அவர்கள் விரும்பியபடியே தடித்த சாய்வில், ஒரு அளவு சிறிதாக. குடும்பத்துக்குப் படம் அனுப்பினேன். “தமிழும் சாஞ்சிருந்தால் ஸ்ரைலா இருக்குமே அண்ணா” என்று ஒரு பேரப்பிள்ளை எழுதினாள். பிள்ளையின் பாட்டி அடுத்த வரியில் பதில் போட்டிருந்தார்: “எனக்கு இதுதான் கண்ணாடி இல்லாமல் தெரியுது.” அத்தோடு முடிந்தது.

இந்தத் தீவில் தண்ணீரைப்போல அருமையானது வேறில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு எது, உப்புக் கிணறு எது என்பதைக் குழந்தையும் சொல்லும். 1971இல் கண்ணகை அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் அள்ளவேண்டும் என்று எழுத்தாளர் மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகம் செய்து அடிபட்ட ஊர் இது. கிணற்றடியில் வைக்கும் கல்லை ஊர் முழுக்க வாசிக்கும், நாள்தோறும் வாசிக்கும்.

வெளிநாட்டில் இருந்து ஊருக்குப் பெயர்க்கல் செய்விப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசகத்தை யூனிகோட்டில் தட்டச்சு செய்து அனுப்புங்கள்; படமாக அனுப்பினால் ன, ண, ர, ற பிழைகளைத் திருத்த வழியில்லை. சாய்வுப் பொத்தானைத் தமிழ் வரியில் அமர்த்தவேண்டாம். தடிப்பு ஒன்றே போதும், அதுவும் பெயருக்கு மட்டும். பலகையாக இருந்தால், ஊரில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்து, கூலியைக் கூட்டிக் கொடுத்தாவது அவரைக் கொண்டு எழுதுவியுங்கள். கல் என்றால், வெட்டக் கொடுக்க முன்னம் உள்ள அளவிலேயே ஒரு தாளில் அச்சடித்து அந்தச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, வயது போன ஒருவரைக் கொண்டு உரத்து வாசிப்பியுங்கள். அவர் தடக்குப்பட்டால் எழுத்தை மாற்றுங்கள்.